பள்ளியின் கணக்கைக் கேட்போம்



களத்து நெல்லை மரக்காலால் அளக்கிறோம். நம் பிள்ளைகள் பயிலும் பள்ளியை எந்த மரக்காலால் அளப்பது? இது குறித்துச் சிறிது சிந்திப்போம்.

19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் சென்னை மாகாணத்தில், தேர்வில் தேறிய மாணவர் தொகைக்கேற்பப் பள்ளிக்கு மானியம் வழங்கும் முறை இருந்தது. இங்கிலாந்திலும் 1862 முதல் அத்தகைய முறை நிலவிற்று. மானியம் தேர்வைப் பற்றி நின்றமையால், கற்பித்தலும் தேர்வுக்குள் சுருங்கிற்று, உருப்போடுதல் பெருகிற்று. நாளடைவில் அம்முறை கைவிடப்பட்டது. அளவுகோல் தவறினால் கல்வியே கோணும் என்பது அதன் படிப்பினை.

இன்று மத்திய அரசு நாடெங்கும் கற்றல் அடைவு ஆய்வை நடத்துகிறது. 2021 நவம்பர் 12ஆம் நாள் 3, 5, 8, 10ஆம் வகுப்புகளிலும், 2024 டிசம்பர் 4ஆம் நாள் 3, 6, 9ஆம் வகுப்புகளிலும் அது நடைபெற்றது. சில பள்ளிகளை மாதிரியாகக் கொண்டு மாவட்டத்தின் நிலையை அது அறிவிக்கிறது. நம் ஊர்ப் பிள்ளை ஒவ்வொன்றும் வாசிக்கிறதா என்பதை அது சொல்லாது. அதனை நாம்தான் கேட்டறிய வேண்டும்.

நம் வட்டாரத்தில் தெலுங்கு பேசும் இல்லங்கள் உண்டு. கும்மிடிப்பூண்டித் தொழிற்சாலைகளை நாடி வடமாநிலங்களிலிருந்து வந்த குடும்பங்களும் உண்டு. ஆண்டின் நடுவே, தமிழ் எழுத்தே அறியாது வந்து சேரும் குழந்தையை ஆண்டிறுதிக்குள் சொற்களை வாசிக்கச் செய்த ஆசிரியரின் உழைப்பு, தேறியோர் பட்டியலில் தோன்றாது. எனவே, குழந்தை எங்கே நிற்கிறது என்பதோடு, எவ்வளவு தூரம் நடந்தது என்பதையும் அளத்தல் வேண்டும். 2022இல் நம் மாவட்டத்து அழிஞ்சிவாக்கத்தில் தொடங்கப்பெற்ற 'எண்ணும் எழுத்தும்' திட்டம், குழந்தைகளை அரும்பு, மொட்டு, மலர் எனக் கற்றல் நிலைக்கேற்பப் பிரித்துக் கற்பித்தமை இக்கருத்தை ஒட்டியதே.

கணக்குக் கேட்கும் உரிமை நமக்கு உண்டா? உண்டு. 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டப்படி, பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கினர் பெற்றோராக இருத்தல் வேண்டும். உறுப்பினருள் பாதிப் பேர் பெண்கள். பள்ளியின் நடைமுறையையும் மானியச் செலவையும் கண்காணிப்பதும், வளர்ச்சித் திட்டம் வகுப்பதும் அக்குழுவின் பணிகளாம்.

உரிமையோடு கடமையும் உண்டு. 1958இல் நம் மாவட்டத்துக் கடம்பத்தூரில் பள்ளிச் சீரமைப்பு மாநாடு கூடிற்று. பள்ளியின் குறைகளைப் பட்டியலிட்டு, ஊராரே பொறுப்பேற்று நிறைவு செய்யும் இயக்கம் அவ்வாறு பரவிற்று. பள்ளி ஊருக்குக் கணக்குக் காட்டட்டும். ஊரும் பள்ளிக்குக் கணக்குக் காட்டட்டும். பிள்ளையை நாள்தோறும் அனுப்பினோமா? குழுக் கூட்டத்திற்குச் சென்றோமா? இவையும் அக்கணக்கில் சேரும்.

இன்று மாலை இல்லம் சென்றதும், பிள்ளையை அருகே அமர்த்தி ஒரு பக்கம் வாசிக்கச் சொல்லுங்கள். அளவை அங்கிருந்தே தொடங்குவோமாக!