மேட்டில் இழுக்காத வண்டி

(கூட்டமைப்பின் மாதாந்திரக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



இன்னிக்கு வண்டியைப் பற்றிப் பேசப் போறோம். "அதெல்லாம் ஆம்பளைங்க சமாச்சாரம், நமக்கு எதுக்குங்க?" என்று பின் வரிசையில் ஒரு அக்கா சிரிப்பது கேட்குது. மாசாமாசம் வண்டிக் கடனுக்குத் தவணை கட்டுவது யாருங்க அக்கா? நாமதானே!

2005-ல் டாடா ஏஸ் வந்தபோது அதை நாம் குட்டி யானை என்றே கூப்பிட ஆரம்பிச்சோம். அப்புறம் எத்தனையோ வகைச் சின்ன சரக்கு வண்டிகள் வந்துவிட்டன. நம் களப் பகுதியில் ஒரு குழு, வங்கிக் கடனில் பழைய டீசல் பிக்கப் ஒன்றை வாங்கியது. திருப்பூரில் செகண்ட்ஸ் பனியன், நைட்டி, குழந்தைகள் உடுப்பு எடுத்து வால்பாறை எஸ்டேட் பக்கம் கொண்டுபோய் விற்கிறார்கள். நல்ல வியாபாரம்தான். ஆனால் ஆழியாறு தாண்டினால் 40 கொண்டை ஊசி வளைவு. பொள்ளாச்சி வரைக்கும் பறக்கிற வண்டி, அங்கே ஒன்பதாவது வளைவு வருவதற்குள் முக்க ஆரம்பித்தது. பின்னாடி ஒரே கரும்புகை. "வண்டி இழுக்க மாட்டேங்குதுங்க அக்கா" என்றார் ஓட்டுகிற தம்பி.

ஒரு பட்டறையில் காட்டினார்கள். மூடியைக்கூடத் திறக்காமல், "என்ஜின் வேலைங்க, 60 ஆயிரம் ஆகும்" என்று சொல்லிவிட்டார்கள். குழுவில் உள்கடன் எடுக்கலாமா, ஒரு அக்காவின் வளையலை அடகு வைக்கலாமா என்று கூட்டத்தில் பேச்சு. தீர்மானப் புத்தகத்தில் எழுதப் போகும்போதுதான் நாங்கள் அங்கே போய்ச் சேர்ந்தோம்.

எங்களுக்கும் அப்போது மெக்கானிக் வேலை தெரியாதுங்க. ஆனால் கணக்கு நோட்டைப் பார்க்கத் தெரியும். ஊக்குநர் அக்கா ஒவ்வொரு நடைக்கும் டீசல் எழுதி வைத்திருந்தார். 20 லிட்டரில் போய் வந்த வண்டிக்கு ஒரே பாதையில் 21, அப்புறம் 23, கடைசியில் 25. திடீரென்று எதுவும் உடையவில்லை, கொஞ்சம் கொஞ்சமாக ஏதோ அடைத்துக்கொண்டு வருது என்று அந்த நோட்டே சொன்னது. அதை எடுத்துக்கொண்டு வேறொரு வயசான மெக்கானிக்கிடம் போனோம். அவர் சொல்லிக் கொடுத்ததைத்தான் இப்போ உங்களுக்குச் சொல்கிறோம்.

சமதரையில் வண்டிக்கு அதன் பலத்தில் ஒரு பங்கு போதும். மேட்டில்தான் முழுப் பலமும் வேணும். அதனால்தான் குறை இருந்தாலும் பொள்ளாச்சி ரோட்டில் தெரியாது. தலையில் குடத்தோடு படி ஏறும்போது மூக்கைத் துணியால் கட்டினால் எப்படி இருக்கும்? மலை மேலே போகப் போக காற்றும் லேசாகிவிடும். வால்பாறை உயரத்தில் கிட்டத்தட்ட பத்தில் ஒரு பங்கு குறைச்சல். டர்போ இல்லாத வண்டிக்கு அது நல்லாவே தெரியும்.

புகையைப் பாருங்க என்றார். கரும்புகை என்றால் டீசல் போகுது, காற்று போதவில்லை. புகை இல்லாமல் வெட்டி வெட்டி இழுத்தால் டீசல் சரியாகப் போகவில்லை. டீசல் ஃபில்டர் அடைப்போ, டீசலில் தண்ணீரோ இருக்கலாம். என்ஜின் சத்தம் மட்டும் ஏறி வேகம் ஏறாமல், கருகிய வாசம் வந்தால் கிளட்ச். ஓட்டி நிறுத்தியதும் ஒரு சக்கரம் மட்டும் அனலாக இருந்தால் பிரேக் பிடித்துக்கொண்டே இருக்குது. (கையை வைத்துவிடாதீங்க. பக்கத்தில் கொண்டுபோனாலே தெரியும்.)

நம்ம வண்டிக்குக் கரும்புகை. ஏர் ஃபில்டரைக் கழற்றினால், அடேயப்பா! பஞ்சு மெத்தை மாதிரி இருந்தது. வண்டி நிற்கிற இடம் பனியன் வேஸ்ட் குடோன் வாசல். நம்ம ஊர்க் காற்றில் பறக்கிற பஞ்சு முழுக்க அதில்தான். காகித ஃபில்டர், தண்ணீரில் கழுவினால் வீணாகிவிடும். புதுசு மாட்டினோம். கொஞ்சம் தேறியது, முழுசாக இல்லை. அப்புறம் என்ஜினை உறும விட்டுக் கேட்டார். புஸ்ஸென்று ஒரு சத்தம். டர்போவிலிருந்து வரும் ரப்பர் ஹோஸ் அடிப்பக்கம் கீறியிருந்தது. அழுத்தி அனுப்புகிற காற்று பாதி வெளியே போயிருக்குது. ஃபில்டர், ஹோஸ், கிளிப், கூலி எல்லாம் சேர்த்து மூவாயிரத்துக்குள் முடிந்தது.

60 ஆயிரம் எங்கே, மூவாயிரம் எங்கே! முதல் பட்டறைக்காரர் ஏமாற்றினாரா, தெரியாமல் சொன்னாரா என்று நாங்கள் சொல்ல மாட்டோம். எந்தப் பட்டறைக்குப் போனாலும் "முதல்ல ஃபில்டரையும் ஹோஸையும் கழற்றிக் காட்டுங்க" என்று கேளுங்க. கழற்றிய பழைய சாமானை வாங்கி வாருங்க. 2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த பி.எஸ்.6 வண்டி என்றால் மீட்டரில் என்ஜின் விளக்கு எரிகிறதா பாருங்க. கோளாறு கண்டால் வண்டியின் கம்ப்யூட்டரே பலத்தைக் குறைத்துவிடும். அதை ஸ்கேனர் போட்டுத்தான் பார்க்கணும்.

இதில் நம்ம தப்பும் உண்டுங்க. எடை மேடையில் ஏற்றினால், ஆர்.சி. புத்தகத்தில் உள்ளதைவிட 300 கிலோ அதிகம். ஒரு நடை மிச்சம் பண்ணலாம் என்று ஏற்றியது. அதற்கு மேலே இரண்டு சகோதரிகள் மூட்டை மேல் உட்கார்ந்து போயிருக்கிறார்கள். வண்டி ஒரு வளைவில் நின்று பின்னாடி உருண்டு, தம்பி இறங்கிக் கல் வைத்து நிறுத்தியதை அவர்கள் சொல்லக் கேட்டபோது எங்களுக்கு அடி வயிறு கலங்கியது. சரக்கு வண்டியில் ஆள் ஏற்றக் கூடாது. ஏதாவது ஆனால் இன்சூரன்ஸும் கைவிட்டுவிடும். இப்போது அவர்கள் பஸ்ஸில் போகிறார்கள். இறங்கும்போது நியூட்ரலில் விடாமல், ஏறிய கியரிலேயே இறங்கச் சொல்லியிருக்கிறோம்.

போன நடைக்கு நோட்டில் 20 லிட்டர் என்று இருக்குது. வளையல் அக்கா கையிலேயே இருக்குது, இதோ முன் வரிசையில்தான் உட்கார்ந்திருக்கிறார். வண்டி உள்ள குழுக்கள் அடுத்த கூட்டத்துக்கு டீசல் நோட்டையும் கொண்டு வாருங்க, சேர்ந்து பார்ப்போம்.