பேர் வாங்கும் வரை சோறு போடுவது யார்?



‘ஓவியரை வாழவைப்பது காட்சிக்கூடமா, கைப்பேசியா?’ இதுதான் தலைப்பு. எதிரணித் தங்கை ஒரு கேள்வி கேட்டாங்க. “படம் வித்தா பல கூடத்துல பாதிப் பணத்தை அவங்களே எடுத்துக்கிறாங்க. சுவர்ல ஆணி அடிச்சதுக்கா பாதி?” நியாயமான கேள்விதான். ஆனா தங்கச்சி, கல்யாணத் தரகர் வாங்குற கமிஷன் நம்ம கண்ணுக்குத் தெரியும். அவர் ஏறி இறங்கின வாசற்படி தெரியாது! (சிரிப்பு)

பாரிஸில் போல் துராந்-ருவேல் என்று ஓர் ஓவிய வியாபாரி இருந்தார். மோனே, ரெனுவார் படங்களைப் பார்த்து ஊரே கேலி செய்த காலம். அவர் வாங்கினார். கடன்பட்டு வாங்கினார். ஓவியர்களின் குடும்பச் செலவுக்கும் பணம் கொடுத்தார். திவாலாகிற நிலைமைக்கே போனார். 1886-இல் ஏறக்குறைய 300 படங்களைக் கப்பலேற்றி நியூயார்க்கில் காட்சி வைத்தார். அதன்பிறகுதான் காற்று திசை மாறியது. அவர் கொடுத்தது சுவரா? இல்லை ஐயா, நம்பிக்கை! (கைத்தட்டல்)

தொழில் மாறிவிட்டது, மறுக்கவில்லை. 2008 செப்டம்பரில் டேமியன் ஹர்ஸ்ட் கூடங்களைத் தாண்டித் தன் புதிய படைப்புகளை நேரே லண்டன் சாத்பீஸ் ஏலத்துக்குக் கொண்டுபோனார். இரண்டே நாளில் 11 கோடி பவுண்டு! 2021 மார்ச்சில் பீப்பிள் என்பவரின் கணினிப் படம், கிறிஸ்டீஸ் இணைய ஏலத்தில் 6.9 கோடி டாலருக்குப் போனது. ஆணியும் வேண்டாம், சுவரும் வேண்டாம்!

ஆனால் கவனியுங்கள். ஹர்ஸ்ட் முன்பே உலகப் புகழ் பெற்றவர். பீப்பிள் தினம் ஒரு படமாக 5,000 நாள் போட்டு, பெருங்கூட்டம் சேர்த்தவர். பேர் வாங்கியவனுக்குப் பந்தி வைக்க ஊரே வரும். பேர் வாங்கும் வரைக்கும் சோறு போடுவது யார்? அதுதான் என் கேள்வி.

நண்பர் சோழமண்டலத்தைச் சொன்னார். 1966-இல் கே.சி.எஸ். பணிக்கர் தலைமையில் ஓவியர்கள் சென்னைக்கு வெளியே கூடி, பத்திக் துணியும் கைவினைப் பொருளும் விற்று, அந்த வருமானத்தில் ஓவியம் வளர்த்தார்கள். “கூடத்தை நம்பியா பிழைச்சாங்க?” என்றார். ஐயா, ஒரு ஞாயிற்றுக்கிழமை ஈஞ்சம்பாக்கம் போய்ப் பாருங்க. அந்தக் கிராமத்துக்குள்ளேயே காட்சிக்கூடம் இருக்கு! (பலத்த கைத்தட்டல்)

என் வீட்டம்மா கைப்பேசியில் பார்த்து ஒரு சேலை வாங்கினாங்க. படத்துல மாம்பழ மஞ்சள். பெட்டியைத் திறந்தா பழுத்த எலுமிச்சை! சேலைக்கே இப்படின்னா, ஒருத்தன் ஆறு மாசம் உட்கார்ந்து தீட்டின வண்ணத்தை உள்ளங்கை அளவு கண்ணாடியில் எப்படிப் பார்ப்பது?

கூடங்களும் திருந்தணும். கணக்கைத் திறந்து காட்டணும். படத்தைக் கைப்பேசியிலும் காட்டணும். ஆனா கைப்பேசி வந்துடுச்சுன்னு கூடத்தை இழுத்து மூடினால், இனி வரப்போகிற ஒரு மோனே, ஒருவர்கூட நின்று பார்க்காமலே, ஒரு விரல் தள்ளலில் காணாமல் போவான்.

மணி அடித்துவிட்டீர்கள். விற்றுத் தருவது கைப்பேசி. விற்காத நாளிலும் வாழவைப்பது காட்சிக்கூடமே என்று தீர்ப்பு வழங்குங்கள்.