போனும் சுத்துது, நாமும் சுத்துறோம்: திருவண்ணாமலையில் டேட்டா இல்லாத ஒரு ராத்திரி

இந்த எபிசோட்ல ஒரே ஒரு ஊர், ஒரே ஒரு ராத்திரி. ஊரு திருவண்ணாமலை, ராத்திரி பௌர்ணமி. கிரிவலம் போறவங்க எல்லாருக்கும் தெரிஞ்ச காட்சிதான்: மலையை நாம சுத்திக்கிட்டு இருப்போம், கையில இருக்கிற போன்ல லோடிங் வட்டம் சுத்திக்கிட்டு இருக்கும். நாம 14 கிலோமீட்டரை முடிச்சிடுவோம், அது மட்டும் முடிக்காது.

கேக்க காமெடியா இருக்கும். ஆனா நடுராத்திரி, கூட வந்த அம்மாவைக் காணோம், லொகேஷன் போகல, கையில காசு இல்ல, பஸ் எங்க நிக்குதுன்னு தெரியலன்னா அது காமெடி இல்ல. அதனால, டேட்டா போயிட்டா என்ன மிஞ்சும்னு பார்க்கலாம்.

முதல்ல, ஏன் போகுது? திருவண்ணாமலை இப்போ மாநகராட்சி. 2011 கணக்கெடுப்புல நகரத்தோட மக்கள்தொகை சுமார் 1.45 லட்சம். பௌர்ணமிக்கும் கார்த்திகை தீபத்துக்கும் அங்க வர்றவங்க பல லட்சம். தீபத்துக்கு நடமாடும் டவர் எல்லாம் கொண்டுவந்து வைப்பாங்க. இருந்தும் திணறும்.

டவரை ஒரு டவுன் பஸ்ஸா நினைச்சுக்கோங்க. போன்ல தெரியுற சிக்னல் கோடு, பஸ் எவ்வளவு பக்கத்துல நிக்குதுன்னு மட்டும்தான் சொல்லும். உள்ள ஏற இடம் இருக்கான்னு சொல்லாது. அதான் நாலு கோடும் முழுசா நிக்கும், ஆனா அனுப்பின மெசேஜ் பக்கத்துல கடிகாரம் மட்டும் தெரியும். இதுல இன்னொரு சிக்கல், டவர்ல இருந்து நமக்கு வர்ற வழியைவிட, நம்ம போன்ல இருந்து டவருக்குப் போற வழி குறுகல். ராஜகோபுரத்துக்கு முன்னாடி நின்னு எல்லாரும் ஒரே நேரத்துல வீடியோ ஏத்தினா, அந்தக் குறுகல் சந்துதான் முதல்ல அடைக்கும்.

சரி, டேட்டா படுத்தா போனே செத்துப் போச்சா? இல்ல. மூணு விஷயம் ஞாபகம் வைங்க.

ஒண்ணு, குரல் அழைப்பு. டேட்டாவைவிட அதுக்கு நெட்வொர்க் முன்னுரிமை கொடுக்கும். வாட்ஸ்அப் கால் இல்ல, சாதா கால். அதுவும் போகலன்னா எஸ்எம்எஸ். ரொம்ப சின்ன சரக்கு, இடுக்குல புகுந்து போயிடும். தமிழ்ல டைப் பண்ணினா ஒரு எஸ்எம்எஸ்ஸுக்கு 70 எழுத்துதான். "வாயு லிங்கம் தாண்டி நிக்கிறேன்" அப்படிங்கிறதுக்கு அது போதும்.

ரெண்டு, ஜிபிஎஸ். நிறைய பேர் டேட்டா இல்லன்னா ஜிபிஎஸ்ஸும் இல்லன்னு நினைக்கிறாங்க. ஜிபிஎஸ் சிக்னல் டவர்ல இருந்து வரல, சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்துல சுத்துற செயற்கைக்கோள்கள்ல இருந்து வருது. போன் அதை வெறுமனே கேக்குது, திருப்பி எதையும் அனுப்புறது இல்ல. அதனால எத்தனை லட்சம் பேர் கேட்டாலும் நெரிசல் கிடையாது. டேட்டா இல்லாட்டி முதல் தடவை இடத்தைப் பிடிக்கக் கொஞ்சம் நேரம் எடுக்கும், அவ்வளவுதான். நமக்கு இல்லாம போறது அந்த நீலப் புள்ளிக்குக் கீழ இருக்கிற வரைபடம். அதை வீட்டு வைஃபைலயே ஆஃப்லைன் மேப்பா இறக்கிட்டா வேலை முடிஞ்சுது.

மூணு, அவசரம்னா 112. உங்க சிம்முக்கு சிக்னலே இல்லாட்டியும், பக்கத்துல வேற கம்பெனி டவர் கிடைச்சா போன் அது வழியா அந்த அழைப்பை அனுப்பப் பார்க்கும்.

வழி கண்டுபிடிக்கிறதுக்கு இந்த ஊர்ல இன்னொரு வசதியும் இருக்கு. கிரிவலப் பாதையே ஒரு திசைகாட்டி. இந்திரன், அக்னி, எமன், நிருதி, வருணன், வாயு, குபேரன், ஈசானம்னு எட்டு லிங்கம், எட்டு திசைக்கு ஒண்ணு. கிழக்குல ஆரம்பிச்சு, தெற்கு, மேற்கு, வடக்கு வழியா திரும்பவும் கிழக்கு. எமலிங்கத்துல நிக்கிறீங்கன்னா மலைக்குத் தெற்குல நிக்கிறீங்க. குபேர லிங்கம்னா வடக்கு. மலை எப்பவும் உங்க வலது கைப்பக்கம். எட்டுப் பேரையும் வரிசையா மனப்பாடம் பண்ணிட்டா பாதி மேப் உங்க மண்டையில இருக்கு. அதுக்கு சார்ஜும் வேண்டாம்.

ஆனா ஊருக்குள்ள சுத்துறது ஈஸி, ஊரைவிட்டுக் கிளம்புறதுதான் கஷ்டம். தீபம், சித்ரா பௌர்ணமி மாதிரி பெரிய கூட்டம் வர்ற நாள்ல பஸ்ஸை ஊருக்குள்ள விட மாட்டாங்க. ஒவ்வொரு சாலையிலயும் ஊருக்கு வெளிய தற்காலிக பஸ் நிலையம் போடுவாங்க. உங்க மேப் என்ன காட்டும்? வருஷம் முழுக்க இருக்கிற அதே பஸ் ஸ்டாண்டைத்தான். மேப் பொய் சொல்லல, அது வேற ஒரு நாளோட உண்மையைச் சொல்லுது.

இது புதுசு இல்ல. இந்த ஊருக்கு வர்ற வழியில பழைய மேப்பால சிக்கின ஒரு பையனோட கதை இருக்கு. 1896 ஆகஸ்ட் 29. மதுரையில 16 வயசுப் பையன். அண்ணனோட காலேஜ் ஃபீஸ் கட்டக் கொடுத்த 5 ரூபாயில 3 ரூபாயை மட்டும் எடுத்துக்கிட்டு, மீதி 2 ரூபாயோட சீட்டு எழுதி வெச்சிட்டு வீட்டைவிட்டுக் கிளம்புறான். வீட்ல இருந்த ஒரு பழைய அட்லஸைப் பார்த்தா, திருவண்ணாமலைக்குப் பக்கத்து ரயில் நிலையம் திண்டிவனம்னு தெரியுது. 2 ரூபாய் 13 அணா கொடுத்து திண்டிவனத்துக்கே டிக்கெட் எடுத்துட்டான். ஆனா விழுப்புரத்துல இருந்து திருவண்ணாமலைக்கே ரயில் பாதை வந்தாச்சு. அட்லஸுக்குத்தான் அது தெரியல.

அவனுக்கு அதைச் சொன்னது யாரு? அதே பெட்டியில உக்காந்திருந்த ஒரு மௌல்வி. "எங்கப்பா போற, விழுப்புரத்துல இறங்கி மாறு"ன்னு வழி சொல்லியிருக்கார். அதுக்குள்ள காசு காலி. மாம்பழப்பட்டு வரைக்கும்தான் டிக்கெட் எடுக்க முடிஞ்சுது. அங்கிருந்து நடை. கடைசியில திருக்கோவிலூர் பக்கத்துல ஒருத்தர்கிட்ட காதுக் கடுக்கனை 4 ரூபாய்க்கு அடகு வெச்சு, ரயில் பிடிச்சு, செப்டம்பர் 1-ஆம் தேதி திருவண்ணாமலை வந்து சேர்ந்தான். அந்தப் பையன் வேங்கடராமன். பின்னாடி ரமண மகரிஷி.

ஆன்மிகத்தை ஒரு நிமிஷம் ஓரமா வெச்சிட்டு இதை ஒரு பயணமா மட்டும் பாருங்க. அவர் கையில இருந்தது ஆஃப்லைன் மேப், அப்டேட் பண்ணாதது. காப்பாத்தினது பக்கத்து சீட்டு மனுஷனும், காசா மாத்த முடிஞ்ச ஒரு பொருளும். நூறு வருஷத்துக்கு மேல ஆச்சு, கணக்கு மாறல.

அதனால பஸ்ல இருந்து இறங்கின உடனே ஒரு வேலை பண்ணுங்க. இது எந்த ரோடுன்னு கேளுங்க. செங்கம் ரோடா, வேலூர் ரோடா, அவலூர்பேட்டை ரோடா? திரும்பிப் போற பஸ் எங்க நிக்கும்னு கண்டக்டர்கிட்டயே கேட்டு, ஒரு போட்டோ எடுத்து வைங்க. ரயில்ல போறவங்களுக்கு, சென்னை கடற்கரையில இருந்து வேலூர் வழியா 2024 மே மாசத்துல இருந்து ரயில் ஓடுது, ஆரம்பிச்சப்போ கட்டணம் 50 ரூபாய். முன்பதிவு இல்லாத டிக்கெட்டுக்கு ஸ்கிரீன்ஷாட் செல்லாது, ஆப்லயே திறந்து காட்டணும். பௌர்ணமி நாள்ல கவுண்ட்டர்ல காகித டிக்கெட் வாங்கிட்டா நிம்மதி.

அடுத்து காசு. ஒரு பௌர்ணமிக்கு ராத்திரி 1 மணி இருக்கும், பாதையோரத்துல ஒரு டீக்கடை. ஸ்பீக்கர் பாக்ஸ் வாயே திறக்கல. பத்துப் பேர் போனைத் தூக்கிப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறாங்க. கடைக்கார அக்கா சிரிச்சுக்கிட்டே, "காசு இருக்கிறவங்க முன்னாடி வாங்க, இல்லாதவங்க டீ குடிச்சிட்டு யோசிங்க"ன்னாங்க. என்கிட்ட பத்து ரூபாய் நோட்டு கொஞ்சம் இருந்துச்சு, எனக்கும் பக்கத்துல நின்ன ரெண்டு பேருக்கும் கொடுத்தேன். அந்த அக்கா எல்லாரையும் நம்பி டீ கொடுத்தாங்க. ஆனா அவங்க பால்காரருக்கு விடிஞ்சதும் காசு எண்ணிக் கொடுக்கணும். நம்ம நெட் போனதுக்கு அவங்க ஏன் நஷ்டப்படணும்? போக வர பஸ் காசு தனியா, சில்லறை தனியா. இவ்வளவுதான் ஏற்பாடு.

கடைசியா, முக்கியமானது. ஆளைத் தொலைக்கிறது. கூட்டத்துல லைவ் லொகேஷனை நம்பாதீங்க, அதுக்கு டேட்டா வேணும். ஆனா கிரிவலத்துல எல்லாரும் ஒரே திசையில போறாங்க. அதை வெச்சே ஒரு விதி போடலாம். தொலைஞ்சா யாரும் திரும்பி நடக்கக் கூடாது. முன்னாடி போனவங்க, அடுத்த லிங்கத்தைத் தாண்டினதும் மலைக்கு எதிர்ப்பக்கம் முதல் மின்கம்பத்துல நிக்கணும். பின்னாடி இருக்கிறவங்க நடந்துக்கிட்டே வரணும். யார் முன்ன, யார் பின்னன்னு தெரியலன்னா எல்லாருமே அடுத்த மின்கம்பத்துக்குப் போயிடுங்க. இதைக் கிளம்புறதுக்கு முன்னாடியே அம்மா, அப்பா, தாத்தா எல்லாருக்கும் சொல்லிடுங்க. உங்க நம்பரை ஒரு சீட்டுல எழுதி அவங்க பையில போடுங்க. தீபத்துக்குக் குழந்தைங்க கையில போலீஸ்காரங்க போன் நம்பர் எழுதின பட்டை கட்டி விடுறதும் இதுக்குத்தான்.

இது திருவண்ணாமலைக்கு மட்டும் இல்ல. நம்ம ஊரு ப்ரீபெய்ட் சிம் ஜம்மு காஷ்மீர்ல வேலை செய்யாது, போஸ்ட்பெய்ட் வேணும். வால்பாறை மலைப்பாதையிலயும் சிக்னல் வரும், போகும். இவ்வளவு பெரிய நாட்டுல டேட்டா எல்லா இடத்துலயும் கூட வராது. வழி கேக்கிற பழக்கம் மட்டும் எங்கேயும் செல்லும்.

அடுத்த பௌர்ணமிக்குக் கிளம்புற நண்பருக்கு இந்த எபிசோடை அனுப்புங்க. ஆனா இப்பவே அனுப்புங்க, அங்க போய் அனுப்பினா போகாது.