புல்லின் குருத்தை முடக்கும் மருந்து



நெற்சப்பிக்கு மருந்து தெளித்து நான்கு நாளாகியும் அது பச்சையாகவே நிற்கக் கண்டு, மருந்து பழுதென எண்ணி மறுபடியும் தெளிப்போர் பலருளர். அவ்வாறு பணத்தை வீணாக்குமுன், சைகலோபொப் பியூற்றைல் போன்ற புல் களைநாசினிகள் வேலை செய்யும் விதத்தைச் சிறிது கேட்பீர்களாக.

தாவரத்தின் ஒவ்வொரு கலத்தையும் ஒரு மென்சவ்வு பொதிந்திருக்கின்றது. மில்லிமீற்றரின் இலட்சத்தில் ஒரு பங்கினும் மெல்லிய இச்சவ்வு கொழுப்புப் பொருளை அடிப்படையாகக் கொண்டது. குருத்திற் புதிய கலம் தோன்றுந்தோறும் புதிய சவ்வு வேண்டும். அதற்குக் கொழுப்பமிலம் வேண்டும். கொழுப்பமில ஆக்கத்தின் முதற்படியை நடத்துவது அசற்றைல் துணைநொதியம்-ஏ காபொட்சிலேசு என்னும் நொதியம். பெயர் நீண்டது, மறந்தாலும் பாதகமில்லை. களைநாசினி இந்நொதியத்தைப் பற்றி முடக்கிவிடுகின்றது.

முற்றிய இலைக்குச் சவ்வு முன்னரே உண்டு. ஆகவே அது சில நாள் பச்சையாகவே நிற்கும். வளர்ச்சியோ ஓரிரு நாளில் நின்றுவிடும். ஒரு கிழமை கழித்து நடுக்குருத்தைப் பிடித்து இழுத்துப் பாருங்கள். தண்டுதுளைப்பான் தின்ற குருத்தைப் போல, அடி அழுகி இலகுவாகக் கையோடு வரும். முழுப்புல்லும் மடிய இரண்டு, மூன்று கிழமை செல்லும்.

நெல்லும் புல்லினமன்றோ, அது ஏன் மடிவதில்லை எனக் கேட்பீர்கள். நெல் சைகலோபொப்பைத் தன்னுள்ளே விரைவாகத் தீங்கற்ற பொருளாக மாற்றிவிடுகின்றது. கோரைக்கும் அகன்ற இலைக் களைகளுக்கும் இந்நொதியத்தின் அமைப்பே வேறு. அவற்றை இம்மருந்து தீண்டாது. வெங்காயமும் அவ்வாறே. ஆதலின் இவ்வினத்தில் வெங்காயத்துக்கெனச் சிட்டையிற் குறித்த மருந்தை அப்பாத்தியில் தெளிக்கலாம். பக்கத்தில் சோளமோ குரக்கனோ நின்றால் அவதானம், அவை புல்லினம்.

கோரைக்கும் சேர்த்து ஒரே தெளிப்பில் முடிப்போமென எம்.சி.பி.ஏ. போன்றவற்றைக் கலந்துவிடாதீர்கள். புல்லின்மீதான வலிமை குறைந்துவிடும். புல் இளமையாயிருக்கையில், நீரை வடித்து இலைகள் வெளியே தெரியச் செய்து தெளியுங்கள். மண் ஈரமாயிருத்தல் வேண்டும். காய்ந்து வாடிய புல்லிற் குருத்து வளர்வதில்லை, மருந்தும் ஏறுவதில்லை. இரண்டு, மூன்று நாளில் மீண்டும் நீர் கட்டுங்கள்.

இன்னொன்று. சில புற்களில் இந்நொதியம் பிறவியிலேயே சற்று மாறியிருக்கும். மருந்து அதைப் பற்றாது. இவ்வினத்தைச் சேர்ந்த டைக்குளோபொப் மருந்துக்கு அவுத்திரேலியாவில் ஒருவகைப் புல் மடியாதது 1982இல் அறிவிக்கப்பட்டது. போகந்தோறும் ஒரே இன மருந்தைத் தெளித்தால், தப்பிய புல்லின் விதையே வயலை நிரப்பும். அடுத்த போகத்தில் வேறு விதமாக வேலை செய்யும் மருந்தை உங்கள் விவசாயப் போதனாசிரியரிடம் கேட்டுப் பெறுங்கள். மூன்று கிழமைக்குப் பின்னும் குருத்து உறுதியாய் நிற்கும் புல்லைப் பூக்குமுன் கையாற் பிடுங்கி வரம்புக்கு வெளியே போட்டுவிடுங்கள்.