சுண்டுவிரல் விறைத்தால் முழங்கையைப் பாருங்கள்

(சாய்ந்தமருதில் நடைபெற்ற அங்கத்தவர் குடும்ப ஒன்றுகூடலில் ஆற்றப்பட்ட சுகாதார உரையின் எழுத்து வடிவம்)

மலையகத் தோட்டங்களிலிருந்து வந்திருக்கும் தோழர்களே, ஹிங்குரான கரும்புத் தோட்டப் பக்கமிருந்து வந்திருக்கும் சகோதரர்களே, தாய்மார்களே!

சம்பளம், ஈ.பி.எப்., லயத்து வீடு என்று பேசும் கூட்டத்தில் இன்று ஒரு நரம்பைப் பற்றிப் பேசப் போகிறோம். நமக்கு இருக்கும் முதல் இந்த இரண்டு கைகள்தான். கையில் பிடிப்பு விட்டால் கொழுந்தும் இல்லை, கரும்பும் இல்லை, பேரும் இல்லை.

உங்கள் முழங்கையின் உட்பக்கத்தைத் தடவிப் பாருங்கள். துருத்திக்கொண்டிருக்கும் எலும்புக்குப் பின்னால் ஒரு பள்ளம் இருக்கும். அந்த இடம் கதவு நிலையில் இடிபட்டால் சுண்டுவிரல் வரைக்கும் கரண்ட் அடித்தது போல் இருக்கும். அங்கே ஓடுவது அல்நார் நரம்பு. கழுத்திலிருந்து வரும் இந்த நரம்பு சுண்டுவிரலுக்கும் மோதிர விரலின் பாதிக்கும் உணர்ச்சி கொடுக்கிறது. விரல்களை விரிக்கவும், சேர்க்கவும், இறுக்கிப் பிடிக்கவும் உதவும் கையின் சின்னத் தசைகளை இயக்குவதும் பெரும்பாலும் இதுதான். இந்தப் பள்ளத்தில் அதை மூடிக் காக்கத் தோலைத் தவிர அதிகம் ஒன்றுமில்லை.

கையை மடக்கும்போது அந்தப் பாதை ஒடுங்குகிறது, நரம்பும் இழுபடுகிறது. கொஞ்ச நேரம் என்றால் பாதகமில்லை. மணிக்கணக்காக மடக்கி வைத்திருந்தால் நரம்புக்கு இரத்தம் போவது குறைகிறது. தலைக்கு அடியில் கையை மடித்து வைத்துத் தூங்குவது, போனைக் காதில் பிடித்து நெடுநேரம் பேசுவது, மேசையில் முழங்கையை ஊன்றி இருப்பது எல்லாம் இதற்குக் காரணமாகலாம். கூடைக்குக் கொழுந்து போடுவது, கவ்வாத்து வெட்டுவது, கரும்பு வெட்டுவது போன்ற, முழங்கையை ஓயாமல் மடக்கி நீட்டும் வேலைகளும் இருக்கிற வருத்தத்தைக் கூட்டும். சின்ன வயதில் முழங்கை முறிந்து கோணலாகப் பொருந்தியவர்களுக்கு எத்தனையோ வருடம் கழித்தும் இது வரலாம். சீனி வருத்தம் உள்ளவர்களின் நரம்பு சீக்கிரம் பாதிக்கப்படும்.

அறிகுறிகள் என்ன? முதலில் சுண்டுவிரலும் மோதிர விரலும் விறைக்கும். இரவில் கூடும். முழங்கையின் உட்பக்கம் நோகும். பிறகு பிடி தளரும்: கத்தி கையை விட்டு நழுவும், சட்டைப் பொத்தான் போட முடியாது. கடைசியில் பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடையிலுள்ள சதை வற்றிக் குழி விழும். பெருவிரல், சுட்டுவிரல், நடுவிரல் விறைத்தால் அது பெரும்பாலும் மணிக்கட்டில் நெரிபடும் வேறொரு நரம்பு.

வீட்டிலேயே ஒரு சோதனை செய்யலாம். ஒரு கடதாசியைப் பெருவிரலுக்கும் சுட்டுவிரலின் பக்கத்துக்கும் நடுவில் பிடியுங்கள். மற்றவர் அதை இழுக்கட்டும். அதைப் பிடித்து வைக்கப் பெருவிரலின் நுனி மடங்கினால் தசை பலவீனப்பட்டிருக்கலாம். இதை முதலாம் உலக யுத்த காலத்தில் விவரித்தவர் புரொமான் என்ற பிரெஞ்சு மருத்துவர். டொக்டர் அந்தப் பள்ளத்தில் தட்டிப் பார்ப்பார், ஒரு நிமிடம் போலக் கையை மடக்கி வைக்கச் சொல்வார், கழுத்தையும் பார்ப்பார். தேவைப்பட்டால் எக்ஸ்ரேயும், நரம்பில் மின்சாரம் எவ்வளவு வேகமாகப் போகிறது என்று அளக்கும் பரிசோதனையும் எழுதித் தருவார்.

நம் கிழக்குப் பக்கத்தில் முக்கியமான இன்னொன்றும் உண்டு. தொழுநோய்க் கிருமியும் இதே நரம்பை இதே முழங்கையில் தாக்கும். கல்முனை, மட்டக்களப்புப் பகுதிகளில் இன்றும் புதிதாகச் சிலர் கண்டுபிடிக்கப்படுகிறார்கள். விறைப்போடு, உணர்ச்சியில்லாத வெளிறிய அல்லது சிவந்த தேமல் தோலில் இருந்தால் மறைக்காதீர்கள். மாந்தீவுக்குக் கொண்டுபோய் ஒதுக்கி வைத்த காலம் போய்விட்டது. 6 அல்லது 12 மாதம் இலவச மாத்திரை குடித்தால் கிருமி ஒழியும். வெட்கப்பட்டு மறைத்தால் மிஞ்சுவது மடங்கிய விரல்தான்.

இனிச் சிகிச்சை. ஆரம்பத்தில் பிடித்தால் பலருக்கு ஒப்பரேஷன் தேவைப்படாது. இரவில் ஒரு துவாயை முழங்கையைச் சுற்றித் தளர்வாகக் கட்டிக்கொண்டு படுங்கள். கை முழுதாக மடங்காமல் இருந்தால் போதும். முழங்கையை ஊன்றாதீர்கள். வேலையில் இடைக்கிடை கையை நீட்டி ஆறவிடுங்கள், முடிந்த வேலையில் கை மாற்றுங்கள். சில கிழமைகள், மாதங்கள் இப்படிச் செய்தும் குறையாவிட்டால், அல்லது பலம் குறைந்துகொண்டே போனால், நரம்பை நெரிக்கும் இடத்தைத் திறந்து விடுவார்கள். சிலருக்கு நரம்பை எலும்புக்கு முன்பக்கம் நகர்த்தி வைப்பார்கள். சூடான எண்ணெய் போட்டு அந்தப் பள்ளத்தை அழுத்தித் தேய்ப்பது வேண்டாம். நெரிபட்ட நரம்பை மேலும் நெரிப்பதாகும்.

ஏன் அவசரப்படுத்துகிறேன்? சேதமான நரம்பு ஒரு நாளைக்கு ஏறக்குறைய 1 மில்லிமீட்டர்தான் வளரும். முழங்கையிலிருந்து கையின் தசை வரை ஏறக்குறைய 30 சென்ரிமீட்டர். கணக்குப் பாருங்கள்: கிட்டத்தட்ட ஒரு வருடம். அதற்குள் வற்றிப்போன தசை திரும்பாமலே போகலாம். விறைப்பு இடைவிடாமல் இருந்தால், பிடி தளர்ந்தால், சதை வற்றினால் நாள் கடத்தாதீர்கள். அரைப் பேர் போகுமே என்று ஒரு கிளினிக்கைத் தவற விடுபவர் நாளைக்கு முழுப் பேரையும் இழக்கலாம். இந்தப் பக்கத்தவர்கள் கல்முனை அஷ்ரப் ஞாபகார்த்த வைத்தியசாலைக்குப் போகலாம். மலையகத்தார் தோட்ட வைத்திய உதவியாளரிடம் துண்டு வாங்கி அரசாங்க ஆஸ்பத்திரிக்குப் போகலாம். அரசாங்க ஆஸ்பத்திரியில் வைத்தியம் இலவசம்.

சங்கம் செய்ய வேண்டியதும் இருக்கிறது. டொக்டர் இலேசான வேலை எழுதிக் கொடுத்தால் அதைத் தோட்டத் தலைவர் கையில் எடுத்து நிர்வாகத்திடம் பேச வேண்டும். வேலையில் விழுந்து முழங்கை அடிபட்டால் அன்றே பதிவு செய்யுங்கள், பிரதியை வைத்திருங்கள். 1934ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கத் தொழிலாளர் நட்டஈட்டுச் சட்டம் வேலையின்போது வேலையால் நேரும் விபத்துக் காயத்துக்கு நட்டஈடு கேட்க வழி தருகிறது. ஆனால் எழுத்தில் இல்லாத காயத்துக்காக வாதாடுவது கஷ்டம்.

இன்றிரவு வீட்டில் எல்லோருக்கும் அந்தக் கடதாசிச் சோதனையைச் செய்து பாருங்கள். "வயசாகிவிட்டது, விறைக்கத்தான் செய்யும்" என்று சொல்லும் உம்மாவுக்கும் அம்மாவுக்கும் முதலில் செய்யுங்கள்.