பெஞ்சுல உட்கார்ந்து கத்துக்க முடியுமா?

போன வாரம் வேலூர்ல இருந்து ஒரு தம்பி வாய்ஸ் நோட் அனுப்பியிருந்தார். காலேஜ் டீம்ல ரெண்டாவது விக்கெட் கீப்பர். "சீனியர் அண்ணா இருக்கிற வரைக்கும் எனக்கு சான்ஸ் இல்ல. கோச் என்னடான்னா, பக்கத்துல இருந்து பார், அதுவே பெரிய பாடம்ங்கிறார். நிஜமாவாக்கா?"

அமெரிக்கன் ஃபுட்பால்லயும் இதே சண்டை உண்டு. குவாட்டர்பேக்னு ஒரு பொசிஷன். பந்தை எறிஞ்சு ஆட்டத்தை நடத்துறவர். கீப்பர் மாதிரியே ஒருத்தருக்குத்தான் இடம். பேட்ரிக் மஹோம்ஸ் 2017-ல வந்தார். அலெக்ஸ் ஸ்மித்துக்குப் பின்னாடி ஒரு வருஷம் காத்திருந்து, சீசனோட கடைசி மேட்ச்லதான் ஆட ஆரம்பிச்சார். அடுத்த வருஷமே லீக்கோட சிறந்த வீரர். ஆனா பெய்டன் மேனிங் 1998-ல முதல் மேட்ச்ல இருந்தே ஆடினார். அந்த சீசன்ல 28 தடவை பந்தை எதிரணி கையில கொடுத்தார். அவரும் பெரிய ஆளாத்தான் ஆனார். அதனால பெஞ்சு மட்டுமே யாரையும் உருவாக்கிடாது.

நம்ம பக்கம் வருவோம். கோயம்புத்தூர் ஜெகதீசனை 2018-ல சிஎஸ்கே எடுத்தது. முன்னாடி நிக்கிறது தோனி! அஞ்சு சீசன்ல ஆடக் கிடைச்சது 7 மேட்ச். 2022 நவம்பர்ல டீம் அவரை விடுவிச்சது. அதே மாசம் விஜய் ஹசாரே தொடர்ல வரிசையா 5 செஞ்சுரி. அஞ்சாவது, அருணாச்சலுக்கு எதிரா 277. லிஸ்ட் ஏ கிரிக்கெட்லயே உலக சாதனை. தோனியைப் பார்த்தது உதவியிருக்கலாம். ஆனா அந்த வருஷங்கள்ல அவர் தமிழ்நாட்டுக்கும் டிஎன்பிஎல்லுக்கும் ஆடிக்கிட்டே இருந்தார், அதை மறந்துடக்கூடாது.

அஷ்வின் கதை வேற. 2009-ல சிஎஸ்கேவுல முரளிதரன் இருந்தப்போ அவருக்கு 2 மேட்ச்தான். 2010-ல ரெண்டு பேரும் சேர்ந்தே ஆடினாங்க, கப்பும் வந்தது. ஸ்பின்னருக்கு ரெண்டு நாற்காலி போடலாம். கீப்பருக்கு ஒண்ணுதான். 2025 ஜூலைல பந்த் காயம்பட்டு ஜெகதீசனுக்கு இந்திய டெஸ்ட் அணியில அழைப்பு வந்தது. அங்கேயும் கீப் பண்ணினது ஜுரேல்தான்.

எங்க ஊர் ஆம்பூர். மாமா ஷூ கம்பெனியில கட்டிங்ல இருந்தவர். முதல் சில மாசம் மாஸ்டருக்குத் தோல் எடுத்துக் கொடுக்கிறதுதான் வேலை. தோல் முழுக்க ஒரே மாதிரி இருக்காது. முதுகுப் பக்கம் கெட்டியா இருக்கும், வயித்துப் பக்கம் இழுத்தா நீளும். நடுவுல கீறல், தழும்பு எல்லாம் வரும். ஷூவோட முன்பக்கத்தை எங்கே வெட்டணும், எதை ஒதுக்கணும்ங்கிறதை மாஸ்டர் பக்கத்துல நின்னு பார்த்துத்தான் பிடிபட்டுச்சுன்னு சொல்வார். ஆனா கை பழகினது, ஒதுக்கின தோல்ல ஷூவோட நாக்கை வெட்டச் சொல்லி மாஸ்டர் கொடுத்தப்போதான். கண்ணு ஒரு பாடம் படிக்கும், கை இன்னொரு பாடம் படிக்கும்.

அதனால தம்பி, கோச் சொன்னது பாதிதான் சரி. கோபப்படாம அவர்கிட்ட மூணு விஷயம் கேளுங்க. பிராக்டிஸ்ல பாதி நேரம் க்ளவ்ஸ் எனக்குக் கிடைக்குமா? சின்ன மேட்ச்ல என்னை இறக்குவீங்களா? அண்ணா எப்போ படிப்பை முடிக்கிறார்? அவர் ஃபைனல் இயர்னா, இந்த ஒரு வருஷம் தாராளமா இருங்க. அவர் எங்கே நிக்கிறார், ஸ்பின்னுக்கு எப்போ எழுந்திரிக்கிறார்னு ஒவ்வொரு பந்துக்கும் பாருங்க. ரெண்டு பேருமே ஒரே வருஷம், மூணு கேள்விக்கும் பதில் இல்லைன்னா, சனி ஞாயிறுல கீப் பண்ண விடுற ஒரு கிளப்பைத் தேடுங்க. தண்ணி பாட்டில் தூக்கிட்டு ஓடுறதையே மூணு வருஷப் பயிற்சின்னு யாராவது சொன்னா நம்பாதீங்க.

ஆஃபீஸ்ல சீனியருக்குப் பின்னாடி காத்திருக்கிறவங்களும் இதே மூணைக் கேட்டுப் பாருங்க. என்ன பதில் வந்துச்சுன்னு எனக்கும் ஒரு வாய்ஸ் நோட் அனுப்புங்க. அடுத்த வாரம் பார்ப்போம்.