வலிப்பு மாத்திரையும் இரவு ஷிப்டும்



வலிப்பு மருந்துகள் மூளையின் வேதியியலை எப்படி மாற்றுகின்றன என்பது இக்கருத்தரங்கின் பொருள். இரவு பகலாக உலை எரியும் திருவள்ளூர் மாவட்டத்தில் இதைப் பேசும்போது நாம் கூடுதலாக ஒன்றைக் கேட்டாக வேண்டும். மாத்திரை யார் உடம்பில், எந்த நேரத்தில், வேறு எந்த மாத்திரையோடு சேர்ந்து போகிறது? இதைக் கேட்காமல் அதன் வேதியியல் நமக்குத் தெரியும் என்று சொல்ல முடியாது.

1912-இல் ஜெர்மானிய மருத்துவர் ஆல்ஃபிரட் ஹாப்ட்மன், தூக்கத்துக்குக் கொடுத்த ஃபீனோபார்பிட்டால் வலிப்பையும் குறைப்பதைக் கண்டு எழுதினார். காரணம் பல பத்தாண்டுகளுக்குப் பிறகே விளங்கியது. நரம்பணுக்களை அடக்கி வைக்கும் முதன்மையான வேதிப்பொருள் காபா. அது குளோரைடு வாயில்களைத் திறக்கிறது. அவை திறந்திருக்கும் நேரத்தை ஃபீனோபார்பிட்டால் நீட்டிக்கிறது. 1938-இல் அமெரிக்க மருத்துவர்கள் மெரிட்டும் புட்னமும் கொண்டுவந்த ஃபெனிட்டாயினின் வழி வேறு. சோடியம் வாயில் ஒருமுறை திறந்து மூடியதும் சற்று நேரம் செயலற்றிருக்கும். அந்த நிலையில் அதைப் பற்றிக்கொள்கிறது ஃபெனிட்டாயின். ஆகவே ஓயாமல் துடிக்கும் அணுக்களே முதலில் அடங்குகின்றன. பேச்சுக்கும் நினைவுக்கும் வேண்டிய துடிப்பு பெரும்பாலும் தப்பிவிடுகிறது. மருந்தியலில் இத்தனை நேர்த்தியான செயல்கள் அதிகம் இல்லை என்பேன்.

ஆனால் அந்த நேர்த்தி கல்லீரலில் கலைந்துவிடலாம். ஃபெனிட்டாயினைச் சிதைக்கும் நொதிகளுக்கு ஓர் எல்லை உண்டு. அதைத் தாண்டினால் சிறிது கூட்டிய மருந்தும் ரத்தத்தில் மளமளவென்று ஏறிவிடும். இங்கேதான் நம் மாவட்டத்தின் இன்னொரு வரலாறு குறுக்கே வருகிறது. இப்பகுதியும் அடங்கியிருந்த பழைய செங்கல்பட்டு மாவட்டத்தில் 1968-இல் தொடங்கிய பிசிஜி தடுப்பூசி ஆய்வு, 1999 முதல் சென்னைக் காசநோய் ஆராய்ச்சி மையம் நடத்திய டாட்ஸ் (நேரடிக் கண்காணிப்பில் மாத்திரை தரும் முறை) ஆய்வு என்று காசநோய் மருத்துவத்துக்கு இந்த மண் நிறையக் கொடுத்திருக்கிறது. அந்நோய்க்குத் தரும் ஐசோனியசிட், ஃபெனிட்டாயினைச் சிதைக்கும் நொதியைத் தடுக்கிறது. ஐசோனியசிட்டை மெதுவாகக் கழிக்கும் உடல்வாகு நம் பக்கத்தில் பாதிக்கும் மேற்பட்டோருக்கு உண்டு. அவர்களிடம் இந்தத் தடை வலுவாக இருக்கும். உடன் தரும் ரிஃபாம்பிசினோ அதே நொதிகளைப் பெருக்கிவிடும். எது மேலோங்கும் என்பது ஆளுக்கு ஆள் மாறும். டி.பி. மாத்திரை நின்றதும் கணக்கு மறுபடி மாறும்.

ஃபெனிட்டாயின் மிஞ்சியவருக்கு நடை தள்ளாடும், நாக்குக் குழறும், கண் ஓரிடத்தில் நிற்காது. அப்படியொருவர் இரவுப் பத்து மணிக்கு ஆலை கேட்டில் வந்து நின்றால் காவலர் என்ன நினைப்பார்? குடித்திருக்கிறார் என்று திருப்பி அனுப்புவார். அவருக்குத் தேவை ரத்தத்தில் மருந்தின் அளவைப் பார்க்கும் ஒரு சோதனை.

ஐசோனியசிட் காபாவையும் தொடுகிறது. குளூட்டமேட்டைக் காபாவாக மாற்றும் நொதிக்கு வைட்டமின் பி6 வேண்டும். அந்த வைட்டமினை ஐசோனியசிட் குறைக்கிறது. அளவு மீறினால் வலிப்பே வரும். எனவே டி.பி. மாத்திரையோடு தரும் பைரிடாக்ஸின் என்ற பி6 மாத்திரையை வலிப்பு நோயாளி ஒருநாளும் விடக்கூடாது.

இன்னொரு வலிப்பு மருந்தான லெவெட்டிராசெட்டம், 2004-இல் எஸ்வி2ஏ என்ற புரதத்தோடு இணைவது கண்டறியப்பட்டது. கல்லீரல் நொதிகளோடு அதற்கு அதிக வம்பில்லை. சிலருக்கு எரிச்சலும் கோபமும் வருகின்றன. வீட்டாரிடம் இதை முன்கூட்டியே சொல்லிவைக்க வேண்டும்.

தூக்கம் கெட்டால் வலிப்பு வரும் வாசல் தாழ்ந்துவிடும். ஷிப்டு மாறும் வாரத்தில் வேளை மருந்தும் தவறிப்போகும். ஒடிசாவுக்கோ பீகாருக்கோ ரயிலேறும் தொழிலாளியிடம் வழியில் மாத்திரை தீர்ந்தால் ஆபத்து இன்னும் பெரிது. பல மாதங்களாக ஃபீனோபார்பிட்டாலுக்குப் பழகிய மூளையில் அது திடீரென்று நின்றால் தொடர் வலிப்பு வந்து உயிரையே பறிக்கலாம். ஊருக்குப் போகிறவர் கையில் இரண்டு மாத மாத்திரை இருக்க வேண்டும்.

வலிப்பு வந்தவர் கையில் சாவிக்கொத்தைத் திணிக்கும் வழக்கம் ஆலைகளிலும் உண்டு. பெரும்பாலான வலிப்புகள் சில நிமிடங்களில் தாமாகவே அடங்கிவிடுவதால் இரும்புக்குப் பெயர் கிடைத்துவிட்டது. அவரை ஒருக்களித்துப் படுக்கவைத்து, நேரத்தைப் பாருங்கள். ஐந்து நிமிடம் தாண்டினால் 108-ஐ அழையுங்கள்.

இக்கருத்தரங்கு முடிவதற்குள் இரண்டு தீர்மானங்களை எதிர்பார்க்கிறேன். புறநோயாளிச் சீட்டில் ஷிப்டு நேரத்துக்கும் பிற மாத்திரைகளுக்கும் தனி இடம் வேண்டும். 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகளைக் கொண்டு சேர்ப்பதுபோல, வலிப்பு மாத்திரையும் தொழிலாளர் குடியிருப்புகளுக்குத் தவறாமல் போய்ச் சேர வேண்டும். முதல் அமர்வில் ரத்த மருந்தளவுச் சோதனையைப் பற்றிப் பேச வந்திருப்பவர்களை மேடைக்கு அழைக்கிறேன்.